டிடி 214-ஐ மாற்றக் கேட்க எந்த வாசல் சரி?

"ஆறு மாதம் பொறு, தானாக ஹானரபிள் ஆகிவிடும்." தவறான நடத்தை என்று எழுதி அமெரிக்க இராணுவத்திலிருந்து வெளியே அனுப்பப்படும் சிப்பாய்களிடம் காலங்காலமாகச் சொல்லப்படும் ஆறுதல் இது. முழுப் பொய். டிஸ்சார்ஜ் என்பது பணிக்காலத்தை ஹானரபிள் (மதிப்புக்குரியது) என்றோ அதற்குக் கீழோ குறிக்கும் வெளியேற்றத் தகுதி; அது எழுதியிருக்கும் தாள்தான் டிடி 214. எந்தப் படைப்பிரிவிலும் அது தானாக உயர்வதில்லை. விண்ணப்பித்து, காரணம் காட்டி, குழு ஒன்றை ஒப்புக்கொள்ள வைத்தால்தான் உயரும்.

விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுத்தவருக்கு வரும் அடுத்த கேள்வி, யாரிடம் என்பது. டிஸ்சார்ஜ் மறுஆய்வுக் குழு இருக்கிறது. இராணுவ ஆவணத் திருத்தக் குழு இருக்கிறது. 'விஏ' என்று எல்லோரும் சொல்லும் முன்னாள் படைவீரர் நலத்துறை தனியாக இருக்கிறது. கடைசியில் கூட்டாட்சி நீதிமன்றம். பலரும் இவற்றை ஒரே மாடிப்படியின் படிகளாக நினைக்கிறார்கள். ஒன்றில் தோற்றால் அடுத்ததற்கு ஏறலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி. ஒவ்வோர் இடத்திலும் கிடைப்பது வேறு. அதனால் என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு இடத்தைத் தேர்வது நல்லது.

பேச்சு வசதிக்கு ஒரு சிப்பாயைக் கற்பனை செய்துகொள்வோம். 2012-இல் தரைப்படையில் சேர்ந்தார். 2013-இல் ஆப்கானிஸ்தான் போய்த் திரும்பினார். தூக்கம் போனது, கஞ்சா வந்தது. சிறுநீர்ச் சோதனையில் மாட்டினார். அதற்குப் பிறகு 40 நாள் முகாமுக்கே வரவில்லை. 2015 ஜூனில் 'அதர் தேன் ஹானரபிள்', சுருக்கமாக ஓடிஎச், என்ற தகுதியோடு வெளியே வந்தார். வெளியேறும்போது கையில் கொடுக்கும் டிடி 214 படிவத்தில் காரணம்: தவறான நடத்தை, கடும் குற்றம். மறுபடி சேர முடியுமா என்பதைச் சொல்லும் குறியீடும் அதே தாளில் இருக்கிறது.

அவர் இழந்தது என்ன என்று பார்த்தால்தான் தேர்வு தெளியும். நிர்வாக வழியில் வெளியேறுபவர்களுக்கு, மேலிருந்து கீழாக, ஹானரபிள், ஜெனரல், ஓடிஎச் என்று மூன்று நிலைகள். இராணுவ நீதிமன்றம் தண்டனையாக மட்டுமே தரக்கூடியவை 'பேட் கான்டக்ட்', 'டிஸ்ஹானரபிள்' என்ற இரண்டு. ஓடிஎச்-இலிருந்து ஜெனரலுக்கு ஏறினால் விஏ மருத்துவம், ஊனத் தொகை, வீட்டுக்கடன் உத்தரவாதம் ஆகியவற்றுக்கு இருந்த தடை போகிறது. ஜெனரலிலிருந்து ஹானரபிளுக்கு ஏறினால் கல்லூரிப் பணம் கிடைக்கிறது. அந்தப் பணத்தைத் தரும் ஜிஐ பில் திட்டத்துக்கு ஜெனரல் போதாது. ஆக முதல் ஏற்றம் உடம்புக்கு, இரண்டாவது படிப்புக்கு. இதோடு வேலை கேட்டுப் போகும் இடத்தில் டிடி 214-ஐ நீட்டும்போது வரும் அவமானம் ஒன்று இருக்கிறது. அதை எந்தச் சலுகைக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

உடம்புதான் அவசரம் என்றால் முதலில் விஏ. குழுக்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். ஓடிஎச் என்று தாளில் இருந்தாலும், அந்தப் பணிக்காலத்தைத் தன் சலுகைகளுக்காக எப்படிக் கருதுவது என்று விஏ தானே ஆராய்ந்து முடிவெடுக்கலாம். இதற்குக் கால வரம்பு கிடையாது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய விதி, வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் செய்த தவறு போன்ற சில தடைகளுக்குக்கூட, மனநலக் குறைபாடு போன்ற வலுவான சூழ்நிலை இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. நம் சிப்பாய்க்கு இது நேராகப் பொருந்தும். போர்க்களத்தில் இருந்தவர், 100 நாளுக்கு மேல் பணியாற்றியவர் என்றால், ஓடிஎச் இருந்தாலும் மனநலச் சிகிச்சை தரச் சொல்லும் சட்டம் 2018-இலேயே வந்துவிட்டது. பணியின்போது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் அது உண்டு. "உங்கள் தாளுக்கு இங்கே ஒன்றும் கிடையாது" என்று வரவேற்பு மேசையில் யாராவது சொன்னால் திரும்பி நடக்கக் கூடாது. முடிவை எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டு தடவை ஒப்பந்தம் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்கட்டும். முதல் ஒப்பந்தக் காலத்தை நல்லபடி முடித்து, இரண்டாவதில்தான் தவறு நடந்தது என்றால், அந்த முதல் காலத்துக்கான சலுகைகள் பல அப்படியே நிற்கின்றன. பலருக்கு இது தெரிவதே இல்லை.

விஏ-யின் குறை என்னவென்றால், அது என்ன முடிவு சொன்னாலும் டிடி 214-இல் ஓர் எழுத்தும் மாறாது. ஜிஐ பில்லும் வராது. சட்டமே போட்டுவைத்த சில தடைகளும் உண்டு: கடும் குற்றங்களை விசாரிக்கும் பொது இராணுவ நீதிமன்றத்தின் தண்டனையால் வெளியேறியது, படையைவிட்டு ஓடிப்போனது, தொடர்ச்சியாக 180 நாளோ அதற்கு மேலோ அனுமதியின்றி வராமல் இருந்தது போன்றவை. கடைசியாகச் சொன்னதற்கு வலுவான சூழ்நிலையைக் காட்டி விலக்குக் கேட்கலாம். நம் ஆளின் 40 நாள் இதில் அடங்காது.

தாளையே மாற்ற வேண்டும் என்றால் குழுக்களிடம்தான் போக வேண்டும். டிஸ்சார்ஜ் மறுஆய்வுக் குழு 1944-ஆம் ஆண்டின் ஜிஐ பில் சட்டத்தோடு பிறந்தது. ஆவணத் திருத்தக் குழுவை உண்டாக்கியது 1946-இல் வந்த சட்டம். இந்தத் திருத்தக் குழுவில் இருப்பவர்கள் சிவிலியன்கள். முதலாவதுக்கு டிடி 293 படிவம், வெளியேறிய நாளிலிருந்து 15 ஆண்டுக் கெடு. இரண்டாவதுக்கு டிடி 149 படிவம், தவறைக் கண்டறிந்ததிலிருந்து 3 ஆண்டுக் கெடு. ஆனால் நீதியின் பொருட்டு அந்த 3 ஆண்டைத் தளர்த்தும் அதிகாரம் திருத்தக் குழுவுக்கு உண்டு. மறுஆய்வுக் குழுவின் 15 ஆண்டை யாரும் தளர்த்த முடியாது. 15 ஆண்டுக்குள் இருப்பவர் முதலில் மறுஆய்வுக் குழுவுக்குப் போய்விட்டுத்தான் திருத்தக் குழுவுக்கு வர வேண்டும். நம் சிப்பாய்க்கு 2030 ஜூன் வரை நேரம்.

அதிகாரத்தில் பெரியது திருத்தக் குழுதான், சந்தேகமில்லை. மறுஆய்வுக் குழுவால் தகுதியை உயர்த்தலாம், காரணத்தை மாற்றலாம், பெரும்பாலும் அவ்வளவுதான். வெளியேற்றத்தையே ரத்து செய்யவோ, மீண்டும் பணியில் சேர்க்கவோ, மருத்துவ ஓய்வாக மாற்றவோ அதனால் முடியாது. பொது இராணுவ நீதிமன்றம் விதித்த டிஸ்சார்ஜைத் தொடவே முடியாது. அதற்கு அடுத்த நிலையிலுள்ள சிறப்பு இராணுவ நீதிமன்றம் விதித்ததைக் கருணை அடிப்படையில் மட்டும் பார்க்கலாம். மேலே சொன்ன சட்டத் தடைகள் இருக்கும் வழக்கில் இன்னொரு வித்தியாசம் முளைக்கிறது: திருத்தக் குழு உயர்த்தினால் அந்தத் தடை விலகுகிறது, மறுஆய்வுக் குழு உயர்த்தினால் விலகுவதில்லை. 200 நாள் வராமல் இருந்த ஒருவர் மறுஆய்வுக் குழுவில் வென்று, புதிய தாளோடு விஏ-க்குப் போய், அங்கே மீண்டும் அதே தடையைச் சந்திக்கலாம். அப்படிப்பட்டவர் ஆரம்பத்திலேயே திருத்தக் குழுவரை போகும் மனத்தயாரிப்போடு இறங்க வேண்டும்.

அப்படியானால் சின்னக் குழுவால் என்ன பயன்? நேரில் பேசும் உரிமை. மறுஆய்வுக் குழுவில் கேட்டால் விசாரணை கிடைக்கும். இப்போது பெரும்பாலும் வீடியோவிலோ தொலைபேசியிலோ. திருத்தக் குழுவில் அது குழுவின் விருப்பம், கிடைப்பது அரிது. குரல் நடுங்கப் பேசும் ஒருவரை ஐந்து நிமிடம் கேட்ட பிறகு கோப்பில் இருக்கும் "ஒழுங்கற்ற சிப்பாய்" என்ற சித்திரம் அப்படியே நிற்பது கடினம். தவறான நடத்தை வழக்குகளில் எழுத்தைவிட ஆளுக்கு வலு அதிகம் என்பது என் எண்ணம்.

இங்கேதான் நிஜமான தேர்வு ஒன்று இருக்கிறது. மறுஆய்வுக் குழுவிடம் ஆவணங்களை மட்டும் பார்க்கச் சொல்லலாம், அல்லது நேரடி விசாரணை கேட்கலாம். ஆவண ஆய்வில் தோற்றவர் பிறகு விசாரணை கேட்கலாம். விசாரணையில் தோற்றவர் பிறகு ஆவண ஆய்வு கேட்க முடியாது. எனவே முதலில் ஆவணம், பிறகு விசாரணை என்று போனால் இரண்டு வாய்ப்பு. பெரும்பாலானவர்களுக்கு இந்த வரிசையையே நான் சொல்வேன், இன்னொரு காரணத்துக்காகவும்: ஆவண ஆய்வை மறுக்கும் தீர்ப்பு எழுத்தில் வரும். எதை நம்பவில்லை, எந்தச் சான்று போதவில்லை என்று அதில் இருக்கும். விசாரணைக்குத் தயாராக அதைவிட நல்ல குறிப்பு கிடையாது. ஆனால் 15 ஆண்டில் 14 போய்விட்டவருக்கு இந்த வரிசை ஆபத்து. ஆவண ஆய்வு முடிவதற்குள் கெடு முடிந்துவிட்டால் விசாரணை உரிமையும் போய்விடும். அவர் நேராக விசாரணையே கேட்கட்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கோணத்தில் பார்ப்பார்கள். முதலாவது முறைமை: வெளியேற்றியபோது விதிகள் பின்பற்றப்பட்டனவா? அரசு அதிகாரிகள் ஒழுங்காகவே நடந்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் குழு தொடங்கும். அதை உடைக்கும் பாரம் விண்ணப்பதாரர் தோளில். ஓடிஎச் தரப்போகிறார்கள் என்றால் நிர்வாகக் குழுவின் முன் வாதாடும் உரிமை சிப்பாய்க்கு உண்டு. அது மறுக்கப்பட்டதா, அல்லது புரியாமலே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தாரா என்று பார்க்கலாம்.

போதைப்பொருள் வழக்குகளில் வழக்கறிஞர்கள் முதலில் தேடுவது வேறொன்று. தரைப்படையில் 'லிமிடெட் யூஸ்' என்றொரு கொள்கை இருக்கிறது. சிகிச்சைக்குத் தானே முன்வந்தவரின் சோதனை முடிவையோ, பணிக்கு ஆள் தகுதியாக இருக்கிறாரா என்று அறிய மட்டும் எடுத்த சோதனை முடிவையோ வெளியேற்றக் கோப்பில் அரசுத் தரப்பு நுழைத்திருந்தால், கொடுக்க வேண்டியது ஹானரபிள் மட்டுமே. சோதனைத் தாளில் காரணக் குறியீடு இரண்டெழுத்தில் இருக்கும். 'ஆர்ஓ' என்றால் மறுவாழ்வுச் சிகிச்சை சார்ந்தது, 'சிஓ' என்றால் பணித்தகுதி சார்ந்தது; இரண்டும் இந்தப் பாதுகாப்புக்குள் வரும். 'ஐஆர்' என்றால் ஆளைக் குறிவைக்காமல் எழுந்தமானமாக எடுக்கும் சாதாரணச் சோதனை, அது வராது. மொத்த வழக்கும் சில நேரம் இந்த இரண்டெழுத்தில் முடிந்துவிடுகிறது. மனத்தை உருக்கும் கடிதம் எழுதுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது கோணம் நியாயம். எல்லாம் விதிப்படியே நடந்திருக்கலாம்; ஆனாலும் இந்த மனிதனுக்கு இந்த முத்திரை தகுமா? இதில் கடந்த சில ஆண்டுகளில் காற்று மாறியிருக்கிறது. போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல், பிடிஎஸ்டி, அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பிடித்ததே 1980-இல்தான். வியட்நாமிலிருந்து திரும்பிக் கெட்ட பெயரோடு வெளியேறியவர்களுக்கு அந்தப் பெயர் சொல்லி மருத்துவச் சான்று கிடைக்க வழியே இருக்கவில்லை. 2014 செப்டம்பரில் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் இப்படிப்பட்ட வழக்குகளைத் தாராளமாகப் பரிசீலிக்கும்படி திருத்தக் குழுக்களுக்குக் குறிப்பாணை அனுப்பினார். 2017 ஆகஸ்டில் வந்த, கர்ட்டா மெமோ என்று அறியப்படும் குறிப்பாணை அதை விரித்து நான்கு கேள்விகளாக்கியது. தவறை விளக்கக்கூடிய மனநிலையோ அனுபவமோ இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது இந்தத் தவறை உண்மையிலேயே தணிக்கிறதா? தவறின் கனத்தைவிட அது கனமானதா?

விண்ணப்பங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு கேள்வியிலேயே மூச்சை விட்டுவிடுகின்றன. நோய் இருக்கிறது என்று காட்டப் பக்கம் பக்கமாக மருத்துவத் தாள். அந்த நோய்க்கும் இந்தத் தவறுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரிகூட இருக்காது. மூன்றாவது கேள்வியில்தான் வெற்றி தோல்வி. தூக்கமின்மையை அடக்கக் கஞ்சா பிடித்தார் என்பது தொடர்பு. வலியை மறக்கப் போதையைத் தேடுவதைக் கணக்கில் எடுக்கலாம் என்று கர்ட்டா குறிப்பாணையே சொல்கிறது. முகாமைப் பார்த்தாலே உடல் நடுங்கியதால் 40 நாள் போகவில்லை என்பதும் தொடர்பு. ஆனால் அதே சிப்பாய் திட்டம் போட்டுக் கிடங்கிலிருந்து சாமான் திருடி விற்றிருந்தால், பிடிஎஸ்டி அதை விளக்காது. முன்கூட்டித் திட்டமிட்ட தவறுகளில் தொடர்பைக் கவனமாகப் பார்க்கும்படி குறிப்பாணை குழுக்களை எச்சரிக்கிறது. அப்படி இரண்டு தவறும் இருப்பவர், ஒன்றுக்கு நோயையும் மற்றதற்கு வருத்தத்தையும் தனித்தனியாக எழுதட்டும். எல்லாவற்றையும் நோயின் தலையில் கட்டினால் உண்மையான பகுதியையும் நம்ப மாட்டார்கள்.

மருத்துவச் சான்று கையில் இல்லையென்றாலும் கதவு மூடவில்லை. வீரரின் சொந்த வாக்குமூலமே நிலையை நிறுவப் போதலாம் என்று அதே ஆவணம் சொல்கிறது. மனைவி, தம்பி, கூடப் பணியாற்றியவர் எழுதும் கடிதங்களும் சான்றுதான். "அவன் நல்லவன்" என்ற கடிதத்தைவிட, "2014-இல் வீட்டுக்கு வந்தபோது கதவுக்கு நேரே முகம் வைத்துத்தான் உட்காருவான்" என்ற கடிதம் வேலை செய்யும்.

நோய் எதுவுமே இல்லாதவர்களுக்கு 2018 ஜூலையில் வந்த, வில்கி மெமோ என்ற இன்னொரு குறிப்பாணை உதவுகிறது. வெளியேறிய பிறகான வாழ்க்கை, வேலை, வருத்தம், கடந்துபோன காலம், தண்டனை தவறுக்கு ஏற்றதா என்பது எல்லாம் அதில் கணக்கு. ஹானரபிள் பெறக் குறையே இல்லாத பணிக்காலம் தேவையில்லை என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது.

திருத்தக் குழுவுக்கு நேராகப் போக வேண்டியவர்கள் யார் என்றால், 15 ஆண்டு கடந்தவர்கள், பொது இராணுவ நீதிமன்றத்தால் வெளியேற்றப்பட்டவர்கள், அப்புறம் "என்னை ஒழுக்கக் காரணத்துக்காக அல்ல, மருத்துவ ஓய்வில் அனுப்பியிருக்க வேண்டும்" என்று கேட்பவர்கள். பொது இராணுவ நீதிமன்ற வழக்கில் தீர்ப்பையே மாற்றும் அதிகாரம் திருத்தக் குழுவுக்கும் இல்லை. தண்டனையில் கருணை காட்டலாம். மருத்துவ ஓய்வு கேட்பதற்கு மருத்துவ ஆவணமும் நல்ல வழக்கறிஞரும் இல்லாமல் இறங்க வேண்டாம். காலம் பற்றிச் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது: திருத்தக் குழுக்கள் 90 சதவீத வழக்குகளை 10 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். புதிய சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.

அதற்கும் மேலே உள்ளவை சிலருக்குத்தான். 2019 டிசம்பர் 20-ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு வெளியேறி, இரண்டு குழுக்களிலும் தோற்றவர்களுக்கு டிஸ்சார்ஜ் மேல்முறையீட்டுக் குழு ஒன்று இருக்கிறது. புதுச் சான்று ஏற்காது, இருக்கும் கோப்பைத்தான் பார்க்கும். நம் சிப்பாய்க்கு அது இல்லை. நீதிமன்றம் உண்டு, ஆறு ஆண்டுக்குள். ஆனால் நீதிபதி டிஸ்சார்ஜைத் தானே உயர்த்துவதில்லை. குழுவின் முடிவு தன்னிச்சையானது என்று கண்டால் திரும்பிப் பார்க்கச் சொல்லி அனுப்புவார். தனி ஆளாகப் போவதைவிடக் கூட்டு வழக்குகள்தான் பலருக்குக் கைகொடுத்தன: தரைப்படை மீதும் கடற்படை மீதும் தொடுத்த இரண்டு வழக்குகளின் சமரசத்தால் மனநலம் சார்ந்த பழைய மறுப்புகள் மீண்டும் ஆய்வுக்கு வந்தன.

ஆக அந்த 2015 சிப்பாய்க்கு என் வரிசை இது. இராணுவ ஆவணங்களைக் கேட்பதற்கான எஸ்எஃப் 180 படிவம் அனுப்பி முழுக் கோப்பையும் மருத்துவக் கோப்பையும் வரவழைப்பது. அது வரும்வரை சும்மா இராமல் விஏ-யில் மனநலச் சிகிச்சையும் ஊனத் தொகை விண்ணப்பமும் தொடங்குவது. அங்கே மருத்துவர் எழுதும் குறிப்புகளே பிறகு குழுவுக்குச் சான்றாகும். கோப்பு வந்ததும் சோதனைக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, மறுஆய்வுக் குழுவிடம் ஆவண ஆய்வு கேட்பது. கேட்பது ஹானரபிள், அது இல்லையென்றால் ஜெனரல் என்று மாற்றாகவும் எழுதுவது. தகுதியோடு காரண வாசகத்தையும் மறுசேர்க்கைக் குறியீட்டையும் மாற்றக் கேட்க மறக்கக் கூடாது. ஹானரபிள் என்று மேலே திருத்திவிட்டுக் கீழே "தவறான நடத்தை" என்று விட்டுவைத்த தாளை வேலைக்கு எடுப்பவரிடம் காட்டுவதில் பாதிப் பயன் போய்விடும். சட்டக் கல்லூரி உதவி மையங்களும் முன்னாள் படைவீரர் அமைப்புகளும் இதை இலவசமாகச் செய்து தருகின்றன.

தமிழர்களுக்கு இதில் நேரடியான கண்ணி ஒன்று இருக்கிறது. 2008 இறுதியில் அறிவிக்கப்பட்டு 2016-இல் புதுச் சேர்க்கை நின்றுபோன மாவ்னி திட்டம், பச்சை அட்டைகூட இல்லாத வெளிநாட்டவரை மொழியறிவுக்காகப் படையில் சேர்த்துக் குடியுரிமைக்கு வழி காட்டியது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. போர்க்காலப் பணியால் பெற்ற குடியுரிமையை, மொத்தம் ஐந்து ஆண்டு நற்பணி முடிக்கும் முன் ஓடிஎச்-இல் வெளியேறினால் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படிக் குடியுரிமை பெற்றவருக்கு ஜெனரல் கிடைப்பதே பெரிய வெற்றி, ஏனென்றால் ஜெனரல் என்பது மதிப்புக்குரிய நிலைகளில் எண்ணப்படுகிறது. இன்னும் குடியுரிமை பெறாதவருக்கோ விண்ணப்பமே கத்திமுனை. குழுவின் மனத்தைத் தொட "ஆம், கஞ்சா பயன்படுத்தினேன்" என்று ஒப்புக்கொள்ளும் அதே வரி, குடியேற்றச் சட்டத்தில் போதைக் குற்ற ஒப்புதலாக எடுக்கப்படலாம். இவர் டிடி 293-இல் ஒரு சொல் எழுதுவதற்கு முன், குடியேற்ற வழக்கறிஞரையும் இராணுவ வழக்கறிஞரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும்.